சின்னத் தொழிற்சாலையில் மின்சாரச் செலவையும் வண்டிச் செலவையும் குறைத்து, சுற்றுச்சூழலுக்கும் நல்லது செய்ய எந்த மென்பொருள் வாங்கலாம்?

மென்பொருள் என்று பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. உங்களுக்கு ஒரு ஷெட், மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் ஒரு கம்ப்ரஸர், இருபது முப்பது ஆட்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மென்பொருள் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, விற்பவர்கள் சண்டைக்கு வராதீர்கள். அதற்கு முன் ஒரு லீவு நாளில் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, காற்று எங்கே கசிகிறது என்று ஷெட்டுக்குள் நடந்து பாருங்கள்.

நான் மணலியில் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கம்ப்ரஸர் பத்தவில்லை என்று முதலாளி புதுசுக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, பக்கெட்டில் சோப்புத் தண்ணீர், பழைய பெயின்ட் பிரஷ் சகிதம் காற்று லைன் முழுக்கப் போனேன். ஒரு மெஷினும் ஓடவில்லை, ஆனால் கம்ப்ரஸர் லோடு எடுக்கிறது, அதாவது காற்றை நிரப்புகிறது, விடுகிறது, உடனே மறுபடி எடுக்கிறது. பெரிய பிரஸ்ஸுக்குப் பின்னால் ஹோஸ் கிளாம்பில் பிரஷை வைத்ததும் நுரை பொங்கியது. எப்போதோ விற்றுவிட்ட மெஷினுக்குப் போன லைனில் வால்வு பாதிதான் மூடியிருந்தது. அண்ணன் காதாலேயே நாலு இடம் பிடித்தார். வேலை நாளில் பிரஸ் சத்தத்தில் அதெல்லாம் யாருக்குக் கேட்கும்?

7 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு) லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் போதும், 3, 4 கிலோவாட் அதற்கே போய்விடும். பிரஷரை 1 பார் இறக்கினால் கம்ப்ரஸர் இழுக்கும் கரன்ட் சுமார் 7 சதவீதம் குறையும். இது மெஷினுக்கு மெஷின் மாறும் என்று சொல்லக் காத்திருக்கும் இன்ஜினியர் சார்களுக்கு: தெரியும் சார். லீக்கை அடைத்த பிறகு எங்கள் செட்டிங்கை 8-லிருந்து 7-க்கு இறக்கினோம், காற்றில் இயங்கும் பிரஸ் கிளட்ச் எல்லாம் ஒழுங்காகவே பிடித்தது. செலவு என்று பார்த்தால் கிளாம்ப், டெஃப்லான் டேப், ரெண்டு வால்வு. இப்போது கம்ப்ரஸருக்குத் தனி மீட்டர் போட்டு, காலை ஷிப்டில் ரீடிங்கை ஒரு எக்ஸல் ஷீட்டில் ஏற்றுகிறோம். எங்கள் மென்பொருள் அவ்வளவுதான்.

வண்டிக் கதை வேறு. அது நம் கையில் இல்லை. அம்பத்தூரில் எங்கள் பெரிய கஸ்டமர் ஸ்டாக் வைத்துக்கொள்ள மாட்டார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப வேண்டும். ஆக, வண்டி அரை லோடில் போய்க் காலியாகத் திரும்பும். மாதவரம் ரவுண்டானா பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு நடுவே மாட்டினால் டீசல் நின்ற இடத்திலேயே எரியும். வாரத்தில் மூன்று நாள் முழு லோடாக அனுப்புகிறோமே என்று கேட்டோம், முடியாது என்றுவிட்டார்கள். அதே கம்பெனிதான் இந்த வருஷம் கத்தையாக ஒரு படிவம் அனுப்பி, உங்கள் போக்குவரத்தில் எவ்வளவு கார்பன் வருகிறது, குறைக்க என்ன திட்டம் என்று கேட்கிறது!

பணம் மட்டும் நாலு மாதம் கழித்து வரும். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் கேட்கலாம். கேட்டால் அடுத்த ஆர்டர் யார் தருவார்கள்? ஈபிக்காரர்களிடம் போய், கஸ்டமர் இன்னும் தரவில்லை, நாலு மாதம் பொறுங்கள் என்று நாங்கள் சொல்ல முடியுமா?