அகதிகளாக வந்தவர்களின் மகள் கொம்யூன் தேர்தலில் நிற்கலாமா?

ஒரு கட்சி உங்களை வேட்பாளர் பட்டியலுக்குக் கேட்டிருக்கிறது, பெற்றோர் வேண்டாம் என்று அழுகிறார்கள், "தமிழ் முகம் ஒன்று தேவை என்றுதான் கேட்கிறார்களோ" என்று உங்களுக்கும் சந்தேகம். உள்ளூராட்சி சபையைக் கொம்யூன் என்று எழுதியிருப்பதால் நீங்களும் நோர்வேயில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நில்லுங்கள் என்பதே என் பதில். ஆனால் அம்மா அப்பாவின் அழுகையை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். நான் அப்படித் தள்ளிவிட்டு, அப்பாவோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள்.

அப்பா 1987இல் வந்தவர். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். 1991இல் அம்மாவும் நானும் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. 2023 செப்டம்பர் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அப்பா கேட்டது ஒன்றுதான்: "பெயரும் படமும் வெளியில் வருமா?" வரும் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அம்மாதான் சொன்னார்: "திருமதி யோகேஸ்வரனை என்ன செய்தார்கள் என்று உனக்குத் தெரியாதா பிள்ளை?"

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சரோஜினி யோகேஸ்வரன் 1998இல் யாழ்ப்பாண மேயரானார். அதே ஆண்டு மே 17ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் மேயரான சிவபாலன் செப்டம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். அதற்கு வெகுமுன்பே, 1975இல், மேயர் அல்பிரட் துரையப்பா. யார் செய்தது, ஏன் செய்தது என்ற வழக்குக்கு நான் இங்கே வரவில்லை. மாநகரசபை என்ற சொல்லைக் கேட்டதும் என் பெற்றோரின் மனத்தில் எழுவது கதிரையும் மாலையும் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். இராணுவச் சுற்றிவளைப்பில், முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்டவர் என் அப்பா. பெயர்ப் பட்டியல் என்றாலே அவருக்கு வேறு பொருள்.

கம்சாயினி குணரத்தினத்தை உதாரணம் காட்டினேன். மூன்று வயதில் இங்கு வந்தவர், 19 வயதில் ஒஸ்லோ நகரசபைக்குத் தெரிவானவர், 2015இல் துணை மேயர், 2021இல் பாராளுமன்றம். அப்பா அமைதியாகச் சொன்னார்: "அந்தப் பிள்ளை ஊத்தோயாத் தீவிலிருந்து நீந்தித் தப்பியதும் எனக்குத் தெரியும்." 2011இல் கட்சி இளைஞர் முகாமில் ஒருவன் புகுந்து சுட்டதில் 69 பேர் இறந்த தீவு அது. என்னிடம் மறுமொழி இல்லை. அவர் அதற்குப் பிறகும் அரசியலை விடவில்லை என்பதை அன்றிரவு படுக்கையில்தான் யோசித்தேன்.

இனி "தமிழ் முகம்" சந்தேகத்துக்கு வருகிறேன். அது நியாயமான சந்தேகம். எனக்குக் கொடுத்தது 14ஆவது இடம். பட்டியலின் தலையில் கொழுத்த எழுத்தில் அச்சான பெயர்களுக்குக் கட்சியின் மொத்த வாக்கில் நான்கில் ஒரு பங்கு மேலதிகமாகச் சேரும். கீழே இருப்பவர் ஏறவேண்டுமானால் விருப்பு வாக்கு ஒன்றே வழி. வாக்குச்சீட்டில் நம் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் புள்ளடி விழவேண்டும். தமிழர் பலருக்கு இது தெரியவில்லை. சீட்டை எடுத்து, மடித்து, முத்திரை குத்தி, பெட்டியில் போட்டுவிட்டு, "உனக்குத்தான் பிள்ளை போட்டேன்" என்பார்கள். அந்த வாக்கு கட்சிக்குப் போகும், உங்களை ஏற்றாது. ஆகவே கட்சிக்காரரிடம் எத்தனையாவது இடம் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டால் தலைக்கனம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இன்னொன்று: குடியுரிமை எடுக்காதவர்களும் இங்கு மூன்று ஆண்டு தொடர்ந்து பதிவாகி வாழ்ந்திருந்தால் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம்.

கட்சிக்கு ஆள் சேர்க்கிறாள் என்று யாராவது சொல்லக்கூடும். கட்சியின் பெயரை நான் எழுதாதது அதனால்தான். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மறதிநோய் முற்றியபின் நோர்வேஜிய மொழியை முழுக்க இழந்து, தமிழில் மட்டும் தண்ணீர் கேட்ட ஐயா ஒருவரைப் பார்த்தபின்தான் பட்டியலுக்குச் சம்மதித்தேன். முதியோர் இல்லங்களை நடத்துவது கொம்யூன். பேசவேண்டிய இடம் அதுதான்.

வாக்களிப்பு நாளன்று, ஒரு சொல்லும் சொல்லாமல் அப்பா மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். குளிர்மீனோடு கிடந்த அவருடைய விரல்கள் இப்போது முழுதாக மடிவதில்லை. மறைப்புக்குள்ளிருந்து வெளியே வந்தவர், மடித்த சீட்டை உள்ளங்கையால் மேசையில் வைத்து அழுத்தி அழுத்தி மடிப்பைச் சரிசெய்தார். முத்திரை குத்தவேண்டிய பெண் பொறுமையாகக் காத்திருந்தார்.

அந்தக் கைகளைப் பற்றி எழுதும்போது இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழு அடிப்படை ஓய்வூதியம் பெற இங்கே 40 ஆண்டு வாழ்ந்திருக்கவேண்டும். 38 வயதில் வந்த மனிதர் 67 வயதில் 40 ஆண்டை எங்கே போய்த் தேடுவது? அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்குச் சலுகை இருந்தது. அப்பாவை அகதி என்றே ஊரெல்லாம் அழைத்தது. தாளில் மட்டும் அவர் அகதி இல்லை, மனிதாபிமான அடிப்படையில் தங்க அனுமதிக்கப்பட்டவர். அக்காலத்தில் வந்த நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது அதுவே. இது கொம்யூன் விவகாரம் அல்ல, உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் கட்சிக்கு ஆறு இடங்கள் கிடைத்தன. விருப்பு வாக்கு என்னை எட்டாவது இடத்துக்கு ஏற்றியது. இரண்டாவது மாற்று உறுப்பினர் ஆனேன். உறுப்பினர்கள் வரமுடியாத நாட்களில் இதுவரை மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே முதியோர் இல்ல வரவுசெலவு வந்தது. அந்த ஐயாவின் பெயரைச் சொல்லாமல் அவருடைய கதையைச் சொன்னேன். தீர்மானம் எதுவும் ஆகவில்லை.

கூட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அப்பா கடைசிவரை பார்த்திருக்கிறார். நான் வண்டியில் ஏறுவதற்குள் தொலைபேசி வந்தது. பேச்சைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "தனியாகவா வருகிறாய்? கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டு" என்றார். இப்போதும் நான் வீடு சேர்ந்து சொல்லும்வரை அவர் தூங்குவதில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்பதை உங்கள் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.