நிலம் நடுங்காத ஊரா?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படித்தவள் நான். இப்போது சிவில் இறுதியாண்டு. நிலநடுக்கப் பொறியியல் படித்து ஜப்பானிலோ அமெரிக்காவிலோ வேலை பார்க்க ஆசை. "நிலமே நடுங்காத ஊரில் பிறந்துவிட்டு இதென்ன படிப்பு?" என்று மாமா சிரிக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

ந.

அன்புள்ள ந.,

முதலில் மாமாவுக்கு. 1900 பிப்ரவரி 8 அன்று ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் ஒரு நடுக்கம் வந்தது. கோயம்புத்தூர் நிலநடுக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதிர்ந்தது உங்கள் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம்தான்.

மேற்படிப்புக்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதுங்கள். ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே தனித்துறை உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யின் தகவல் மையம் வெளியிட்ட எளிய குறிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டத்தோடு வேலை முடிவதில்லை. கலிபோர்னியாவில் மருத்துவமனைக் கட்டட வரைபடத்தில் கையெழுத்திட எஸ்.இ. (கட்டமைப்புப் பொறியாளர்) என்ற தனி உரிமம் வேண்டும்; அதற்குப் பல ஆண்டு அனுபவமும் தேர்வும் உண்டு. ஜப்பான் என்றால் ஜப்பானிய மொழியை இன்றே தொடங்குங்கள். தமிழ் வழிப் படிப்பை ஒரு குறையாக நினைக்கவே வேண்டாம்.

இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் எழும்பும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், கான்கிரீட் போடுவதற்கு முன் தூண் கம்பிக்கட்டைப் பாருங்கள். நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிதான் ரிங்; அதன் முனைகள் 135 பாகைக்கு மடங்கி, தூணின் உட்பகுதிக்குள் ஊன்றியிருக்க வேண்டும். பெரும்பாலும் 90 பாகையோடு விட்டிருப்பார்கள். நடுக்கத்தில் தூணின் மேல்மூடல் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி விரிந்துவிடும், நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நொறுங்கும். கம்பி கட்டுகிறவரிடம் கேட்டால், "அவ்வளவு மடக்கினால் கூலி கட்டாதம்மா" என்பார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்கு யாரும் காசு ஒதுக்கியிருக்க மாட்டார்கள். (கல்லூரிகளில் இந்தக் கணக்கை மட்டும் ஏனோ சொல்லித்தருவதில்லை.)

2001 ஜனவரி 26 பூஜ் நடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களில் நின்றவை. பாலக்காட்டில் அப்படி எத்தனை நிற்கின்றன என்று பஸ்ஸில் போகும்போது பாருங்கள். பழைய கட்டடங்களைச் சோதித்து வலுப்படுத்துவது கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் பெரிய தொழில். அங்கே நேர்காணலுக்குப் போகிறவருக்குக் கட்டடத்தின் மாதிரியைக் கணினியில் உருவாக்கத் தெரிந்திருப்பது சாதாரணம். தூணைப் பார்த்ததும் அது எங்கே உடையும் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள்.

அந்த வீட்டுக்குப் போகும்போது அளவுநாடா எடுத்துச் செல்லுங்கள். தூணின் தலையிலும் அடியிலும் ரிங்குகள் நெருங்கி இருக்கின்றனவா, இல்லை மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியா என்று அளந்து எழுதுங்கள்.