வாசகர் கேள்வி பதில்: திசை மாறும் லேன்கள்

கேள்வி: வேலை மாற்றலாகி இங்கிலாந்தின் பர்மிங்காம் வந்திருக்கிறேன். இங்குள்ள ஆஸ்டன் எக்ஸ்பிரஸ்வே என்ற விரைவுச் சாலையில் நடுவே தடுப்பே இல்லை. காலையில் நான் போன லேனில் மாலையில் எதிரே வண்டி வருகிறது. எதைப் பார்த்து ஓட்டுவது?
– வாசகர், எர்டிங்டன்

பதில்: தலைக்கு மேலே தெரியும் சிக்னலை மட்டும் பாருங்கள். கடிகாரத்தையும் நேற்றைய பழக்கத்தையும் நம்ப வேண்டாம். விபத்தோ பராமரிப்பு வேலையோ இருந்தால் ஏற்பாடு மாறிவிடும்.

1972இல் திறந்த இந்தச் சாலையில் மொத்தம் ஏழு லேன்கள். சாதாரண நேரத்தில் இரு திசைக்கும் மூன்று மூன்று, நடுவில் ஒன்று காலி. காலை நெரிசலில் நகருக்குள் வர நான்கு, வெளியே போக இரண்டு, மாலையில் நேர்மாறு. எந்த ஏற்பாட்டிலும் ஒரு லேன் மூடியே இருக்கும். இரு பக்கத்து வண்டிகளையும் பிரித்து வைப்பது அந்தக் காலி இடம் மட்டும்தான்.

கீழ்நோக்கிய பச்சை அம்பு என்றால் அந்த லேனில் போகலாம். சாய்ந்த வெள்ளை அம்பு வந்தால், அது காட்டும் பக்கத்து லேனுக்கு மாற வேண்டும். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, இடைவெளி கிடைத்ததும் மாறுங்கள். சடாரென்று பிரேக் போட்டால் பின்னால் வருபவர் இடிப்பார். சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அந்த லேனில் நுழையவே கூடாது. இது போன்ற பிரிட்டன் மோட்டார்வேயில் (விரைவுச் சாலையில்) இதை மீறினால் வழக்கமான தண்டனை 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளிகளும். கேமராவே பிடித்துவிடும்.

பலர் தவறுவது இங்கேதான்: பெருக்கல் குறி போட்ட லேன் காலியாகக் கிடக்கிறதே, ஒரு வண்டியை முந்திவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைப்பது. எதிரே வருபவருக்கும் அதே ஆசை வரலாம். இருவரும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வந்தால், இடையிலுள்ள தூரம் நொடிக்கு 44 மீட்டர் குறையும். நூறு மீட்டரில் பார்த்தாலும் இரண்டு நொடிக்குச் சற்று மேல்தான் மிச்சம்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு லேனின் இரு ஓரத்திலும் மஞ்சள் நிறத்தில் இரட்டை விட்டுவிட்ட கோடுகள் இருந்தன. முந்திச் செல்லலாம் என்று அர்த்தமா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை, அது திசை மாறும் லேன். மேலே சிக்னலோ, நேரம் எழுதிய பலகையோ இருக்கும். அங்கே மஞ்சள் பெருக்கல் குறியும் உண்டு: இந்த லேன் மூடப்போகிறது, வெளியேறத் தயாராகு என்று பொருள். வெள்ளையில் இரு பக்கமும் திரும்பும் அம்பு எரிந்தால், அந்த லேனை இடப்புறம் திரும்ப மட்டுமே பயன்படுத்தலாம். எதிர்த்திசையினரும் அதற்காக அங்கே வருவார்கள் என்பதால் மெதுவாக நுழையுங்கள்.

கேள்வி: பக்கத் தெருவிலிருந்து இப்படிப்பட்ட சாலைக்குள் திரும்பும்போது சிக்னல் கண்ணில் படாதே?
– வாசகர், திருச்சி

பதில்: ரஷ்ய விதி இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது. அங்கே வண்டிகள் வலப்புறம் ஓடுவதால், திரும்பியதும் வலது ஓர லேனில்தான் சேர வேண்டும். மற்ற லேன்களிலும் தன் திசைக்கு அனுமதி உண்டென்று சிக்னலில் உறுதி செய்த பிறகே மாறலாம். சிக்னல் அணைந்திருந்தால், இரு ஓரமும் இரட்டை விட்டுவிட்ட கோடு போட்ட லேனில் நுழையத் தடை. இடப்புறம் ஓட்டும் நாடுகளில் இடது ஓரத்தைப் பிடிப்பதே பாதுகாப்பு.