ஓடும் வண்டியில் வென்னி: எஞ்சின் சூட்டைப் பிடித்து வையுங்கள்

கேள்வி: பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, சின்னதாக ஒரு குளியலறை எல்லாம் வைத்துவிட்டோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி இருக்கிறது. மார்கழியில் மூணாறு, ஊட்டி போகத் திட்டம். மூன்று பேர். அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி; வென்னி இல்லாமல் குளிக்க முடியாது. இன்வெர்ட்டரில் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். கேஸ் கீசர் போதும் என்கிறார் பட்டறைக்காரர். எது சரி? (தக்கலை வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம்.

ஹீட்டர் கணக்கை முதலில் பார்ப்போம். 3 கிலோவாட்டை 12 வோல்ட்டில் எடுக்க 250 ஆம்பியர் ஓட வேண்டும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். உங்கள் அளவு லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புச் சர்க்யூட் பொதுவாக 100 ஆம்பியரைத் தாண்டினாலே இணைப்பைத் துண்டித்துவிடும். ஸ்விட்சைப் போட்டதும் வண்டிக்குள் விளக்கும் சேர்ந்து அணையும். அப்படியே ஓடினாலும், ஊட்டிக் குளிரில் நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் குளிக்கிற சூட்டில் வராது.

கேஸ் கீசரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வீட்டுக் குளியலறைக்கென்று விற்கும் கீசரை வேனுக்குள் மாட்டவே கூடாது. அது எரிவதற்கு உள்ளே இருக்கும் காற்றைத்தான் எடுக்கும். எரிந்த புகையையும் உள்ளேயே விடும். காற்று குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. லேசான தலைவலி, அசதி, அப்புறம் மயக்கம். கதவைத் திறக்கக் கை எழும்பாது. வீட்டுக் குளியலறையிலேயே இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வேன் குளியலறை அதில் பாதிகூட இருக்காதே. வெளிக்காற்றை இழுத்துப் புகையை வெளியே தள்ளும் கேரவன் பாய்லர்கள் ஐரோப்பாவில் உண்டு. அந்த வகை கையில் கிடைத்தால் அப்போது யோசிக்கலாம்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே பெரிய அடுப்பு ஒன்று எரிகிறது. எஞ்சின் ஓடும்போது அதன் சூட்டை எடுத்துச் செல்லும் திரவமான கூலன்ட் 80, 90 டிகிரியில் சுற்றுகிறது. அந்தச் சூட்டை ரேடியேட்டர் ரோட்டில் கொட்டிக்கொண்டே போகிறது. அதில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்தால் உங்கள் மூன்று பேருக்கும் தாராளம். வண்டியின் கேபின் ஹீட்டருக்குக் கூலன்ட் போகும் ஹோஸிலிருந்து ஒரு கிளை எடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாக ஓடவிட்டு எஞ்சினுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கூலன்ட் சுருளுக்குள்ளே, குளிக்கிற தண்ணீர் அதற்கு வெளியே, இரண்டும் கலக்காது. படகுகளில் பல காலமாக உள்ள முறைதான். இந்தச் சுருள் உள்ள தொட்டியைக் கேலோரிஃபையர் என்று கேட்டு வாங்குங்கள். தக்கலையில் வண்டியை எடுத்தால், ஆரல்வாய்மொழி காற்றாலைகளைத் தாண்டும்போது தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது.

எவ்வளவு பெரிய தொட்டி? மலையில் தண்ணீர் 15 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க 40 டிகிரி போதும். நான் பொருத்திய ஒரு தொட்டியில் இரவு எட்டு மணிக்கு 68 டிகிரி காட்டியது, விடிகாலை ஆறு மணிக்கு 53. சுற்றிலும் இரண்டு அங்குலம் ஃபோம் ஒட்டியிருந்தோம். அதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 53 டிகிரியில் 20 லிட்டர் இருந்தால், பச்சைத் தண்ணீர் விளாவி 30 லிட்டர் ஆக்கலாம். ஆளுக்கு 10 லிட்டர். ஷவர் என்றால் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும். வாளியும் கப்பும் வைத்துக் குளிக்கிற நமக்கு இது போதும். ஆகவே 20 லிட்டர் வாங்குங்கள்.

பொருத்தும்போது மூன்று விஷயங்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பச்சைத் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில், வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும். அது இருந்தால், அழுத்தம் கூடும்போது திறந்து தண்ணீரை வெளியே விடும் பிரஷர் ரிலீஃப் வால்வும் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் 20 லிட்டர் தண்ணீர் 15-லிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது கிட்டத்தட்ட 400 மில்லி விரியும். அது போக வழியில்லாவிட்டால் தொட்டி பிளக்கும். வால்வின் குழாயை வண்டிக்கு அடியில் இறக்கிவிடுங்கள். மலை ஏறும்போது அங்கே சொட்டினால் லீக் என்று பயந்து யாரும் அடைத்துவிடக் கூடாது. மூன்றாவது, வென்னியில் பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து விடும் மிக்ஸிங் வால்வு. 65 டிகிரி தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். வயதானவர்களின் தோல் மெல்லியது, சட்டென்று விலகவும் அவர்களால் முடியாது. அம்மா குளிக்கும் குழாய் 42 டிகிரிக்கு மேல் போகாதபடி வையுங்கள்.

இந்தத் தண்ணீரைச் சமையலுக்கோ குடிக்கவோ எடுக்காதீர்கள். சுருளில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் கலக்கும், அது விஷம். வாரம் ஒருமுறை வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். பச்சையோ சிவப்போ லேசாகத் தெரிந்தாலும், கூலன்ட் டப்பாவில் மட்டம் மாறினாலும் உடனே நிறுத்துங்கள். கடற்கரை ஊர்களின் போர்த் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பாமல் இருந்தால் சுருளில் உப்புப் படிவது குறையும்.

வண்டி ஓடாத நாளுக்கு என்ன செய்வது? கரன்டில் சூடாக்கும் 750 வாட் ராட் உள்ள தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள். தங்குகிற இடத்தில் சாதாரண 5 ஆம்பியர் ப்ளக் கிடைத்தாலே ஒன்றரை மணி நேரத்தில் சூடாகிவிடும். உங்கள் பேட்டரியில் அந்த ராடைப் போடாதீர்கள். ஒரு தொட்டி சுட்டாலே பேட்டரி முழுதும் காலி. கரன்டும் இல்லையா? வண்டிக்கு வெளியே அடுப்பை வைத்து, சருவத்தில் நாலு லிட்டர் கொதிக்க வைத்து, எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஊற்றுங்கள். 12 லிட்டர், ஏறக்குறைய 41 டிகிரி. ஒரு ஆள் குளித்துவிடலாம்.

மூணாறுக்குக் கிளம்பும் முன் ஒருநாள் சாயங்காலம் பேச்சிப்பாறை வரை ஓட்டிவிட்டு வந்து வண்டியை வீட்டு முற்றத்திலேயே நிறுத்துங்கள். தொட்டிச் சூட்டைக் குறித்துக்கொண்டு படுங்கள். காலையில் அம்மாவை அந்தக் குளியலறையிலேயே குளிக்கச் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்பதையும் அப்போதே அவர்களிடம் கேட்டு அடித்துவிடலாம்.