டிபிஎஃப் விளக்கு எரிந்தால் ஃபில்டரையே கழற்றிவிடலாமா?

கேள்வி: என் டீசல் கார் தினமும் வேலைக்குப் போய்வர ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஓடுகிறது. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது. "ஃபில்டரைக் கழற்றிவிட்டால் தொல்லை விட்டது" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கார் சூடாகவே நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

டீசல் எஞ்சினுக்கு ஒரு சங்கடம் உண்டு. சிலிண்டருக்குள் வெப்பம் ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். இறங்கினால் கரி கூடும். இஜிஆர் வால்வு புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டு வெப்பத்தைத் தணிக்கிறது. மிஞ்சும் நைட்ரஜன் ஆக்சைடைப் பல வண்டிகளில் ஆட்புளூ என்ற திரவம் கவனித்துக்கொள்கிறது. 32.5 சதவீத யூரியா, மீதி சுத்த நீர். சூடான புகையில் தெளித்ததும் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும்.

கரியைப் பிடிப்பது டிபிஎஃப். தேனடை போன்ற பீங்கான் கட்டி. அடுத்தடுத்த துளைகள் எதிரெதிர் முனைகளில் அடைபட்டிருப்பதால், புகை நுண்துளைச் சுவரை ஊடுருவித்தான் வெளியேற முடியும். கரி சுவரில் தங்கிவிடும். அது நிரம்பியதும் எஞ்சின் தானாகவே கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, ஃபில்டரைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கும். இதுதான் ரீஜெனரேஷன். நீங்களோ அது முடிவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால் நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். ஐடிலிங் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தாலோ, ரேடியேட்டர் ஃபேன் விடாமல் சுற்றினாலோ ரீஜெனரேஷன் நடந்துகொண்டிருக்கலாம், உடனே அணைக்காதீர்கள். காய்ந்த புல்மேல் நிறுத்தவும் கூடாது. விளக்கு மினுக்கினாலோ, வண்டி இழுவை குறைந்தாலோ நேராகப் பட்டறைக்குப் போங்கள், ஸ்கேனர் மாட்டிக் கரியை எரிக்க வேண்டியிருக்கும்.

எஞ்சின் எண்ணெயின் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். பாதியில் நின்ற ரீஜெனரேஷன்களால் டீசல் அந்த எண்ணெயில் கலந்து மட்டம் ஏறும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது சாம்பல் குறைந்த, டிபிஎஃப்புக்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்து போகும். எண்ணெய்ச் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

ஃபில்டரைக் கழற்றிய வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆறிய சைலன்சர் குழாயின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். டிபிஎஃப் நன்றாக இருந்தால் விரலில் கரி ஒட்டாது.