ஏற்றத்தில் அணைந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் பழைய டீசல் லாரி

நண்பரே, அரை மணி ஓடிய பிறகு ஏற்றத்தில் இழுவை குறைந்து அணைகிறது, கொஞ்சம் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். டீசல் ஃபில்டரும் புதிது. அப்படியென்றால் இன்ஜெக்‌ஷன் பம்பைக் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்ப்) கழற்ற வேண்டாம், தயவுசெய்து. பம்ப் போயிருந்தால் பத்து நிமிட ஓய்வில் இப்படிச் சரியாகிவிடுவது அபூர்வம்.

முதல் சந்தேகம் டேங்க் மேல்தான். அடுத்த முறை அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் வென்ட், அதாவது டேங்குக்குள் காற்று போகும் சின்ன வழி, அடைத்திருக்கிறது. சத்தம் இல்லையென்றால் டேங்குக்குள் டீசலை இழுக்கும் உறிஞ்சுகுழாயின் முனையைப் பாருங்கள். பழைய டேங்கில் துருவும் வழவழப்பான கசடும் அங்கே போய் ஒட்டும், இன்ஜின் நின்றதும் இழுப்பு போய் தானாக உதிர்ந்து விழும். உங்கள் அறிகுறிக்கு இதுதான் அச்சாகப் பொருந்துகிறது.

அதுவும் இல்லையா, லிஃப்ட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பம்ப்) முன்னால் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ் ஒரு துண்டு தற்காலிகமாகப் போட்டு, குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் ஓட்டை இருந்தாலும் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. ஹோஸ் சைலன்சர் பக்கம் உரசாமல் இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் பம்பில் மின்சார ஸ்டாப் சொலினாய்டு (கரண்ட் இருக்கும்வரை டீசலைத் திறந்துவிடும் வால்வு) இருந்தால், அணைந்த நிலையில், சாவி ஆனில் இருக்கும்போதே அதற்குக் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டலாம். மூடி திறந்து பார்த்த முடிவை மட்டும் முதலில் எழுதுங்கள்.