தவறான மூன்று விடைகள் எங்கிருந்து வருகின்றன?

தொழில்முறைக் கணக்கியல் தேர்வுகளின் கொள்குறி வினாக்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அக்கா, நான் போட்ட விடை அப்படியே ஆப்ஷனில் இருக்கிறது. ஆனாலும் தப்பு என்கிறார்கள். எப்படி?

வினா எடுப்பவர் உங்கள் பிழையை உங்களுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார், அதனால்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். இயந்திரத்தின் விலை 1,20,000. இறுதி மதிப்பு (ஆயுள் முடிவில் மிஞ்சுவது) 20,000. ஆயுள் 5 ஆண்டு. ஜூலை 1 அன்று வாங்கியது. கணக்காண்டு முடிவது டிசம்பர் 31. மாதக் கணக்கில், நேர்கோட்டு முறையில் (ஆண்டுதோறும் ஒரே அளவு) முதலாண்டுத் தேய்மானம் (பயன்பாட்டால் குறையும் மதிப்பு) எவ்வளவு? ஆப்ஷன்கள்: 24,000, 20,000, 12,000, 10,000.

சரியான விடை 10,000: விலையில் இறுதி மதிப்பைக் கழித்து 5-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 20,000, ஆறு மாதத்துக்கு அதில் பாதி. இறுதி மதிப்பைக் கழிக்க மறந்தவருக்கு 12,000 வரும். ஆறு மாதம்தான் என்பதைக் கவனிக்காதவருக்கு 20,000. இரண்டையும் விட்டவருக்கு 24,000. நான்கு பேருமே "என் விடை இருக்கிறதே" என்று நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள்.

அதனால் பயிற்சியின்போது சரியான விடையோடு நிறுத்தாதீர்கள். மற்ற மூன்றும் எந்தப் பிழையில் பிறந்தவை என்று கண்டுபிடியுங்கள். ஒரு வினாவுக்குக் கூடுதலாக இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஆகட்டும். நாளுக்கு நூறு வினாவை ஓட்டித் தள்ளுவதைவிட முப்பதை இப்படி அலசுவது மேல் என்பது என் கட்சி.

கேள்வி: மேடம், மைனஸ் மார்க் இருந்தால் தெரியாததை விட்டுவிடலாமா?

முதலில் உங்கள் தேர்வின் விதியைப் பாருங்கள். இந்தியாவின் சிஏ ஃபவுண்டேஷனில் கொள்குறித் தாள்களில் ஒரு தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். ஏசிசிஏ (பிரிட்டனின் பட்டயக் கணக்காளர் தேர்வு), சிபிஏ (அமெரிக்காவின் கணக்காளர் உரிமத் தேர்வு) இரண்டிலும் கழிவு கிடையாது. அங்கே ஒரு வினாவைக் காலியாக விட்டு வந்தால் அது சும்மா தொலைத்த மதிப்பெண்.

கால் மதிப்பெண் கழிவு என்றால் கணக்கு இப்படி. நான்கு ஆப்ஷன் உள்ள 16 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக 4 சரி, 12 தவறு. 4-இல் 3 போனால் மிச்சம் 1. நஷ்டமில்லை, ஆனால் பெரிய லாபமும் இல்லை. அதே 16-இலும் இரண்டிரண்டு ஆப்ஷன்களை நிச்சயமாக நீக்க முடிந்தால் 8 சரி, 8 தவறு. கையில் நிற்பது 6. ஒரு ஆப்ஷனையாவது உறுதியாக அடிக்க முடிந்தால் தயங்காமல் குறியுங்கள்.

கேள்வி: நேரம் போதவில்லை.

ஏசிசிஏவின் மூன்று மணி நேரத் தாள்களில் 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். அதாவது 2 மதிப்பெண் வினாவுக்கு 3.6 நிமிடம். மூன்று நிமிடம் தாண்டியும் வழி தெரியவில்லையா, ஒன்றைக் குறித்துவிட்டு, அடையாளமிட்டு நகருங்கள். சிபிஏ எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ஒரு டெஸ்ட்லெட்டை, அதாவது தாளின் ஒரு வினாத் தொகுதியை, சமர்ப்பித்துவிட்டால் அதற்குள் திரும்ப முடியாது. "அப்புறம் பார்ப்போம்" எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும்.

கேள்வி: லாப விகிதக் கணக்கில் எப்போதும் சறுக்குகிறேன்.

விற்பனை 60,000, அடக்கத்தின் (அதாவது நமக்கு ஆன செலவின்) மீது 25% லாபம். பலர் 60,000-இல் கால் பங்கைக் கழித்து அடக்கம் 45,000 என்பார்கள். சரியானது 48,000. அடக்கம் 100 என்றால் விற்பனை 125. 60,000-ஐ 125-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். சதவீதத்தைப் பார்த்ததும் "எதன் மீது?" என்ற கேள்வி வர வேண்டும்.

கேள்வி: பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இப்போதுதான் தேர்வு எழுதுகிறேன். கணக்கெல்லாம் வருகிறது, தியரி வினாக்களில்தான் அடி வாங்குகிறேன்.

சார், உங்கள் அனுபவம்தான் அங்கே காலை வாருகிறது. அலுவலகத்தில் பழகிய வழக்கத்தை வைத்து விடை சொல்கிறீர்கள். தேர்வு கேட்பது தரநிலையை. ஆண்டு முடிந்த பிறகு அறிவித்த ஈவுத்தொகையை (பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கை) அந்த ஆண்டின் பொறுப்பாக, அதாவது தர வேண்டிய கடனாகக் காட்டலாமா என்று கேட்டால், "எப்படியும் கொடுக்கத்தானே போகிறோம்" என்று கை ஆம் பக்கம் போகும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 10-இன்படி கூடாது. ஆண்டின் கடைசி நாளில் அந்தக் கடமையே பிறக்கவில்லை. இப்படி வழக்கமும் விதியும் மோதும் இடங்களைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்கு அந்த ஒரு நோட்டு போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: முதலில் தோன்றிய விடையை மாற்றவே கூடாதாமே?

அது வெறும் நம்பிக்கை. விடை மாற்றுவதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, தவறிலிருந்து சரிக்கு மாறியவையே அதிகம் என்பது. மாற்றிக் கெட்டது மட்டும் நம் மனதில் தங்கிவிடுகிறது. காரணம் இருந்தால் மாற்றுங்கள், பதற்றத்தில் மாற்றாதீர்கள்.

கேள்வி: வினாத் தொகுப்பை மூன்று முறை முடித்துவிட்டேன் அக்கா. 90% வருகிறது. போதுமா?

மூன்றாவது முறை உங்களுக்கு நினைவிருப்பது விடை. வழியும் நினைவிருக்கிறதா என்பது சந்தேகம். ஆப்ஷன்களை மூடிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்புறம் எண்ணை மாற்றுங்கள். மேலே சொன்ன இயந்திரத்தையே ஏப்ரல் 1-இல் வாங்கியதாக வைத்து, நான்கு ஆப்ஷன்களையும் நீங்களே தயாரியுங்கள். 15,000, 18,000, 20,000, 24,000 வர வேண்டும். எது எந்தப் பிழை என்று எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.